வன்னி நாட்டு அடுக்களையும் நிரம்பிய கொழுப்பும்

இருதய நோயாளருக்கு உணவு விதி கூறும் சிறு பிரசுரங்களை எடுத்து நோக்கின், அவற்றுட் பல மேனாட்டு உணவு மேசையை மனத்திற் கொண்டே எழுதப்பட்டன என்பது புலனாகும். வெண்ணெயைக் குறைக்குக, பாற்கட்டியை நீக்குக, பன்றியிறைச்சியையும் மாட்டிறைச்சியையும் விலக்குக என அவை கூறும். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ வாழும் ஒரு குடும்பத்தலைவி அவற்றைப் படிப்பாளாயின், அங்கே கூறப்பட்ட பண்டங்களுள் ஒன்றேனும் தன் அடுக்களையில் இல்லையெனக் கண்டு மனம் அமைவாள். அவ்வாறு அமைவதே இடர்ப்பாட்டிற்குத் தொடக்கமாகின்றது. வெண்ணெயிலும் பாற்கட்டியிலும் உள்ள நிரம்பிய கொழுப்பை விலக்கும்பொருட்டே அவ்விதிகள் எழுந்தன. அக்கொழுப்போ வன்னி அடுக்களையில் வேறு உருவிற் புகுந்து, வேறு கலங்களில் அமர்ந்திருக்கின்றது. அஃது எங்கே உளது, எவ்வளவு உளது, அதற்கு ஈடாக இம் மண்ணிலேயே விளையும் பொருள்கள் யாவை என்பன ஆராயத்தக்கன.

கொழுப்பு என்பது கிளிசரோலுடன் கொழுப்பமிலங்கள் மூன்று இணைந்து அமைவதொரு சேர்வை. கொழுப்பமிலம் ஒவ்வொன்றும் காபன் அணுக்கள் சங்கிலிபோற் கோக்கப்பட்ட நீண்ட உருவினையுடையது. அச்சங்கிலியிலுள்ள காபன் அணுக்கள் தாம் ஏற்கக்கூடிய ஐதரசன் அணுக்கள் அனைத்தையும் ஏற்று நிற்பின், அதனை நிரம்பிய கொழுப்பமிலம் என்பர். தமிழகத்து நூல்கள் இதனையே நிறைவுற்ற கொழுப்பமிலம் என வழங்கும். ஓரிடத்தேனும் இரட்டைப் பிணைப்பு இருக்குமாயின் அது நிரம்பாத கொழுப்பமிலமாம். நிரம்பிய சங்கிலிகள் நேராக நிற்பன. ஆதலின் விறகுக் கட்டைகளை அடுக்கினாற்போல நெருங்கி அடுங்கி எளிதில் உறைந்துவிடும். இரட்டைப் பிணைப்பு சங்கிலியை வளைக்கும். வளைந்த கட்டைகள் நெருங்கி அடுங்கா. ஆதலின் நிரம்பாத கொழுப்பமிலம் மிகுந்த எண்ணெய் குளிர்ந்தவிடத்தும் நீர்மமாகவே இருக்கும்.

இதனை விளக்க ஆய்வுகூடம் வேண்டுவதில்லை. மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் வவுனியாவிலுள்ள எந்த வீட்டின் அடுக்களைத் தட்டையும் நோக்கலாம். தேங்காயெண்ணெய்ப் போத்தல் வெண்ணிறமாக உறைந்து நிற்கும். அதன் அருகேயுள்ள நல்லெண்ணெய்ப் போத்தலைச் சரித்தால் எண்ணெய் இயல்பாக ஓடும். தேங்காயெண்ணெய் 24 பாகை செல்சியசு அளவில் உறையத் தொடங்குவது. அதன் கொழுப்பமிலங்களுள் நூற்றுக்கு 82 முதல் 90 வரை நிரம்பியவை. நல்லெண்ணெயில் அவை நூற்றுக்கு ஏறத்தாழ 15 மாத்திரமே. பசுநெய்யில் 60க்கு மேலும், பாம் எண்ணெயில் 50 அளவிலும், கச்சான் எண்ணெயில் 20க்குச் சற்றுக் குறைவாகவும், சோயா எண்ணெயில் 15 அளவிலும் உள்ளன. தாவரத்தினின்று பெற்றதாயின் தீங்கற்றது, விலங்கினின்று பெற்றதாயின் தீயது என்னும் பரவலான எண்ணம் இவ்வெண்களின் முன்னே நில்லாது. வெண்ணெயினும் நெய்யினும் கூடுதலாக நிரம்பிய கொழுப்பைத் தாங்கி நிற்பது தென்னையின் எண்ணெயே.

கொழுப்பமிலங்களின் பெயர்களும் ஒரு வரலாற்றை உணர்த்துவன. தேங்காயில் மிக்கிருக்கும் இலோரிக்கமிலம் இலோரல் என்னும் மரத்தினாற் பெயர் பெற்றது. மிரித்திக்கமிலம் சாதிக்காயின் இலத்தீன் பெயரினாலும், பாமிற்றிக்கமிலம் பாம் எண்ணெயினாலும், ஒலேயிக்கமிலம் ஒலிவத்தினாலும் பெயர் பெற்றன. இத்துறைக்கு அடிகோலியவர் மிசெல் எசேன் செவ்றல் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர். விலங்குக் கொழுப்புக்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1823இல் வெளிவந்தது. கொழுப்பை ஆராய்ந்த அப்பெரியார் 102 ஆண்டு வாழ்ந்து 1889இல் மறைந்தார் என்பது ஒரு சுவையான செய்தி.

இனி, இக்கொழுப்பினால் விளையும் தீங்கு யாதெனின், அது குருதியிலுள்ள கொலத்திரோலைப் பற்றியது. கொலத்திரோல் நீரிற் கரையாதது. ஆதலின் புரதத்தோடு சேர்ந்த நுண்துணிக்கைகளாகவே அது குருதியில் ஊர்ந்து செல்லும். அவற்றுள் தாழடர்த்தி இலிப்போபுரதம் எனப்படுவது அளவு மிகும்போது நாடிச் சுவரினுட் புகுந்து படிந்து, காலப்போக்கில் வழியை ஒடுக்கும். இதனைக் குருதியினின்று அகற்றும் பெரும்பணி ஈரலுடையது. ஈரற் கலங்களின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள் அத்துணிக்கைகளைப் பற்றி உள்ளிழுத்துக்கொள்ளும். இவ்வேற்பிகளைக் கண்டு விளக்கியமைக்காக மைக்கேல் பிரவுண், யோசேப்பு கோல்ட்ஸ்ரைன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நிரம்பிய கொழுப்பு மிக்க உணவு அவ்வேற்பிகளின் தொழிலைக் குன்றச் செய்கின்றது. வாயில் அடைபட்டால் வந்தவர் முற்றத்தில் நிற்பதுபோல, அகற்றப்படவேண்டிய துணிக்கைகள் குருதியிலேயே தங்கிவிடுகின்றன.

அன்செல் கீஸ் என்பவர் 1958இல் ஏழு நாடுகளில் தொடங்கிய நெடுநாள் ஆய்வு இத்தொடர்பினை உலகறியச் செய்தது. அமெரிக்க இருதயச் சங்கம் 1961இல் கொழுப்புப் பற்றிய தன் அறிவுரையை வெளியிட்டது. அதன்பின் அறுபது ஆண்டுகளாக வாதமும் எதிர்வாதமும் நிகழ்ந்துவந்தன. உலக சுகாதாரத் தாபனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டி, இரண்டு வயதிற்கு மேற்பட்டோர் அனைவரும் தாம் பெறும் மொத்தச் சத்தியில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாமல் நிரம்பிய கொழுப்பைக் கொள்ளுதல் நன்று என வகுத்தது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவர் ஒருவருக்கு இது 22 கிராம் ஆகும். இவ் 22 என்னும் எண்ணை நினைவில் இருத்திக்கொண்டு வன்னி அடுக்களைக்குட் புகுவது பொருத்தம்.

தேங்காய்ப் பருப்பில் 100 கிராமுக்கு 33 கிராம் அளவில் கொழுப்பு உண்டு. அதில் ஏறத்தாழ 30 கிராம் நிரம்பியது. ஒரு தேங்காயின் பருப்பு 300 கிராம் எனக் கொண்டால் அதனுள்ளே 90 கிராம் நிரம்பிய கொழுப்பு அடங்கியுள்ளது. ஐவருள்ள வீடொன்றில் நாளுக்கு ஒரு தேங்காய் கறிகளுக்குப் பிழியப்படுவதாக வைத்துக்கொள்வோம். கையாற் பிழியும்போது கொழுப்பிற் பாதி பாலிற் சேர்ந்தாலும் ஆளுக்கு 9 கிராம் ஆகின்றது. காலையிற் புட்டுக்கோ இடியப்பத்துக்கோ அரைத் தேங்காயிற் சம்பல் அரைக்கப்பட்டால், அதில் எறியப்படுவது ஒன்றுமில்லை, முழுவதும் உண்ணப்படுகின்றது. அதனாலும் ஆளுக்கு 9 கிராம். பின்னர் தேநீர். முழு ஆடைப் பால்மாவில் நூற்றுக்கு 26 பங்களவு கொழுப்பு இருக்கும். இரு கரண்டி, அதாவது 20 கிராம் பால்மா இட்ட ஒரு கோப்பைத் தேநீரில் நிரம்பிய கொழுப்பு 3 கிராமுக்குக் குறையாது. நாளுக்கு மூன்று கோப்பை எனின் மற்றுமொரு 9 கிராம். ஆக 27 கிராம். இறைச்சி தொடப்படவில்லை; நெய் வார்க்கப்படவில்லை; தாச்சியில் எண்ணெய் இன்னும் ஊற்றப்படவில்லை. அதற்குள்ளேயே 22 என்னும் எல்லை கடக்கப்பட்டுவிட்டது.

இவ்விடத்தில் ஒரு வினா எழும், எழுவதும் முறையே. எம் மூதாதையர் தேங்காய் உண்டே எண்பதும் தொண்ணூறும் ஆண்டு வாழ்ந்தனரல்லரோ? இவ்வினாவை ஏளனஞ் செய்தல் விஞ்ஞான நெறியன்று. பசிபிக் தீவுகளாகிய தொக்கெலாவு, புக்காபுக்கா என்பவற்றில் நிகழ்ந்த ஆய்வொன்று 1981இல் வெளிவந்தது. தொக்கெலாவு மக்கள் தம் சத்தியில் நூற்றுக்கு 63 பங்கைத் தேங்காயிலிருந்தே பெற்றனர். அவர்தம் குருதிக் கொலத்திரோல், தேங்காய் குறைவாக உண்ட புக்காபுக்கா மக்களினதைவிட உயர்ந்திருந்தது. எனினும் இரு தீவுகளிலும் இருதய நாடி நோய் அரிதாகவே காணப்பட்டது. தேங்காய்க்கு வாதாடுவோர் இவ்வாய்வின் பின்பாதியை எடுத்துக்கொண்டு முன்பாதியை விட்டுவிடுவர். கடலிற் பிடித்த மீனும், கிழங்கும், நாள் முழுவதும் உடலுழைப்பும் உடையோர் அத்தீவினர். சீனியும் மாவும் நாகரிகமும் அவரிடத்துக் குறைவு. வன்னியின் பழைய கமக்காரனும் அவ்வாறே மாட்டோடும் மண்வெட்டியோடும் உழைத்தவன். இன்று உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வயலில் உலவுகின்றன. கடைக்குச் செல்ல மோட்டார்ச் சைக்கிள் உண்டு. பாட்டனின் உணவை மாத்திரம் வைத்துக்கொண்டு அவன் உழைப்பை விட்டவர், அவன் ஆயுளை எதிர்பார்த்தல் எங்ஙனம்?

கேரளத்துக் கொச்சியில் 200 இருதய நோயாளரை இரண்டாண்டு அவதானித்து 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வு, தேங்காயெண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. ஆனால் அவர்கள் மருத்துவ சிகிச்சையில் இருந்தவர்கள் என்பதை மறத்தலாகாது. சிங்கப்பூர் அறிஞர் சிலர் 2020இல் பதினாறு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, தேங்காயெண்ணெய் ஏனைய தாவர எண்ணெய்களோடு ஒப்பிடத் தாழடர்த்திக் கொலத்திரோலை ஏறத்தாழ 10 மில்லிகிராம் உயர்த்துவதாகவும், நன்மை தருவதாகக் கருதப்படும் உயரடர்த்திக் கொலத்திரோலையும் 4 மில்லிகிராம் அளவில் உயர்த்துவதாகவும் கண்டனர். தேங்காய் நஞ்சென்பாரும் அமுதென்பாரும் ஒருங்கே மிகைபடக் கூறுபவரே.

இவ்வாராய்ச்சிகள் யாவற்றினும் இந்நாட்டவர் கருத்தூன்றிப் படிக்கவேண்டியது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த ஆய்வாகும். மருத்துவப் பேராசிரியை சாந்தி மென்டிசும் அவர்தம் துணைவரும் செய்து 2001இல் வெளியிட்ட அவ்வாய்வு, இலங்கையரின் வழமையான சோற்றையும் கறியையுமே களமாகக் கொண்டது. முதற்கட்டத்தில், எட்டு வாரத்துக்குத் தேங்காய்க் கொழுப்பு மாத்திரம் குறைக்கப்பட்டது. மொத்தச் சத்தியில் நூற்றுக்கு 31 பங்காயிருந்த கொழுப்பு 25 பங்காயிற்று. தாழடர்த்திக் கொலத்திரோல் நூற்றுக்கு ஏறத்தாழ 11 வீழ்ந்தது. வேறு மருந்தில்லை, வேறு உணவில்லை, தேங்காயைக் குறைத்தமையே செயல். இரண்டாங் கட்டத்தில் அவர்கள் இரு கூட்டத்தாராகப் பிரிக்கப்பட்டு 52 வாரம் அவதானிக்கப்பட்டனர். ஒரு கூட்டத்தார் தேங்காயை மேலும் குறைத்தனர். மற்றைக் கூட்டத்தார் அவ்வளவே குறைத்து, அதனிடத்திற் சோயா எண்ணெயும் நல்லெண்ணெயும் கலந்த கலவையைச் சிறிதளவு சேர்த்துக்கொண்டனர். ஆண்டிறுதியில் முதற் கூட்டத்தாரின் தாழடர்த்திக் கொலத்திரோல் நூற்றுக்கு 11 அளவும், எண்ணெய் சேர்த்தவரினது நூற்றுக்கு 16 அளவும் குறைந்திருந்தன. கொழுப்பைக் கூடுதலாக உண்டவரே கூடுதலான பயன் பெற்றனர்.

விலக்குவதோடு வேலை முடிவதில்லை என்பதும், விலக்கியதன் இடத்தில் எது வந்து அமர்கின்றது என்பதே பயனைத் தீர்மானிக்கின்றது என்பதும் இதனாற் பெறப்படும். தேங்காய்ப்பாலை நீக்கிவிட்டு அதற்கு ஈடாக இன்னுமோர் அகப்பை வெள்ளரிசிச் சோறும், தேநீரில் இன்னுமொரு கரண்டிச் சீனியும் கொள்வாராயின் இருதயம் பெறும் பேறு மிகச் சிறிதே. நீரிழிவோ அருகில் வந்து நிற்கும். அதனிடத்தில் எள்ளும் கச்சானும் பயறும் மீனும் வருமாயின் பேறு பெரிது. உலக சுகாதாரத் தாபனத்தின் வழிகாட்டி கூறுவதும் இதுவே. பேராதனையார் தேர்ந்த எண்ணெய்களுள் ஒன்று வன்னி நிலத்திலேயே விளைவது என்பதை நோக்கும்போது, இவ்வாராய்ச்சி இப்பிரதேசத்தவர்க்கென்றே செய்யப்பட்டதோ என்று எண்ணத் தோன்றும்.

வன்னி ஒரே தன்மைத்தான நிலமன்று. பளைப் பக்கத்திலும் முல்லைத்தீவுக் கரையோரத்திலும் தென்னை செழித்திருக்க, நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், மாங்குளம் முதலிய உட்புறக் குளத்தூர்களில் தென்னங்கன்று வறட்சிக்கும் யானைக்கும் தப்பியே வளரவேண்டியுள்ளது. உட்புறத்து மேட்டுநிலம் எள்ளுக்கும் உழுந்துக்கும் கச்சானுக்கும் உரியது. மாரி மழையை நம்பி உழுந்தும் பயறும் கௌபியும் விதைக்கப்படும். சிறுபோகத்தில், மண்ணில் எஞ்சிய ஈரத்தைக்கொண்டே எள் விளைந்துவிடும். வவுனியா உழுந்தும் முல்லைத்தீவுக் கச்சானும் பிறமாவட்டச் சந்தைகளிலும் பெயர் பெற்றவை. உழுத்தங்களியில் நல்லெண்ணெய் வார்த்துப் பருவமெய்திய பெண்ணுக்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் கொடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு. அதனைப் பத்தியத்துக்கு உரியதென ஒதுக்கிவிட்டு, ஏனைய நாளில் மறந்துவிடுவதற்குக் காரணமொன்றும் இல்லை. நல்லெண்ணெய் நெடுநாள் கெடாதிருப்பதும் ஒரு சிறப்பு; எள்ளிலுள்ள சேசமோல் முதலிய இயற்கைப் பொருள்கள் அது சிக்கு நாறாவண்ணம் காக்கின்றன.

இப்பழைய அடுக்களை இடையிலே குலைந்தது. 1990களில் நிலவிய பொருளாதாரத் தடையும், 2008-2009இல் வன்னி மக்கள் முழுவதும் ஊரூராக இடம்பெயர்ந்தமையும், அதன்பின் செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டிருந்தமையும் விதையை அழித்தன, செக்கை அழித்தன, எருமைப் பட்டிகளைச் சிதறடித்தன. உலர் உணவாக வந்த அரிசியும் கோதுமை மாவும் பருப்பும் சீனியும் எண்ணெயும் உயிரைக் காத்தன என்பது மறுக்கமுடியாத நன்றி. ஆயினும் ஊர் மீண்டபோது பிள்ளைகளின் நா கோதுமை மாவுக்கும் பொதியிலிட்ட பண்டத்துக்கும் பழகியிருந்தது. கண்டி வீதி மீளத் திறக்கப்பட்டதும் பிசுக்கோத்தும் மாஜரீனும் பால்மாவும் கடைதோறும் நிரம்பின. ‘மரக்கறி எண்ணெய்’ என்னும் பெயரோடு வருவது பல வேளைகளிற் பாம் எண்ணெயே. அப்பெயரைக் கண்டு அதனை மரக்கறிபோல் இலேசானதென்று கருதுவார் உளர். அதிற் பாதி நிரம்பிய கொழுப்பென்பது மேலே காட்டப்பட்டது.

தென்னையும் இனி வன்னியில் அருகியிருக்கப்போவதில்லை. 2024ஆம் ஆண்டிறுதியில் தேங்காய்க்குத் தட்டுப்பாடேற்பட்டு ஒன்றின் விலை 200 ரூபாவையும் தாண்டியபின், வடக்கிலே தென்னைச் செய்கையை விரிவாக்கும் வடக்குத் தென்னை முக்கோணத் திட்டம் 2025 செப்டெம்பர் 2ஆம் நாள், உலகத் தென்னை தினத்தன்று, புதுக்குடியிருப்பிலே தொடக்கிவைக்கப்பட்டது. பொருளாதார நோக்கில் இது வரவேற்கத்தக்கதே. நாரும் கரியும் எண்ணெயும் பிற நாட்டுக்குச் சென்று பணமாக மீளும். விற்கும் பொருளெல்லாம் உண்ணும் பொருளாகவேண்டும் என்பதில்லை.

ஆகவே, ஓர் இல்லத்தார் தம் நாள்முறை உணவில் மாற்றவேண்டியன யாவை? தேங்காயை அடியோடு விடுக என்பார் சொல்லை எவரும் கேளார்; கேட்கவேண்டியதும் இல்லை. இரகசியம் பிழியும் முறையிலே உளது. துருவிய பூவில் முதன்முறை பிழிந்தெடுக்கும் தடித்த பாலிற் கொழுப்பு நூற்றுக்கு இருபதுக்கு மேலும் இருக்கும். பின்னர் நீர் விட்டுப் பிழியும் கப்பிப்பாலில் அது மிகக் குறைவு. காய்கறியைக் கப்பிப்பாலில் வேகவைத்து, இறக்கும்போது முதற்பால் ஒரு சிறங்கை மாத்திரம் விடுதல் பழைய சமையற்காரிகள் அறிந்த முறையே. சுவை நாவிற் படுவது மேலே நிற்கும் அச்சிறு பாலினாலேயே. சொதியையும் அவ்வாறே செய்யலாம். பழப்புளியும் வெந்தயமும் நன்றாக விழுந்த குழம்புக்குப் பால் விடாமலே நல்லெண்ணெயில் தாளித்து இறக்கலாம். சம்பலிற் பாதித் தேங்காய்க்குப் பதிலாகக் காற்பங்கு இட்டு, எஞ்சியதற்கு வறுத்த எள்ளையோ கச்சானையோ சேர்த்து இடித்தால் அது குறைபாடுடைய சம்பலன்று; வேறொரு நல்ல சம்பல். கச்சானில் நூறு கிராமுக்கு 49 கிராம் கொழுப்பு உண்டெனினும் நிரம்பியது 7 கிராமே.

தாளிப்புக்கும் பொரியலுக்கும் உள்ள வேறுபாட்டையும் கருதுதல் வேண்டும். ஒரு மேசைக்கரண்டித் தேங்காயெண்ணெயில் நிரம்பிய கொழுப்பு 12 கிராம். பாம் எண்ணெயில் 7 கிராம். நல்லெண்ணெயில் 2 கிராம். தாளிப்புக்கு நல்லெண்ணெயே மேல். விலையைக் காட்டி மறுப்பார் கூற்றிலும் உண்மையுண்டு. நல்லெண்ணெய் விலை கூடியதுதான். ஆனால் ஒரு பொரியலுக்கு வேண்டும் எண்ணெயை ஒரு கிழமைத் தாளிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரே எண்ணெயைப் பல நாள் காய்ச்சிப் பொரிக்கும் வழக்கம் எந்த எண்ணெய்க்கும் ஆகாது.

தேநீர்க் கோப்பையிலேதான் மிக எளிதில் வெற்றி காணலாம். அங்கேதான் எதிர்ப்பும் மிகுதி. வன்னியிற் பசும்பால் கிடைக்குமிடத்தில் அதனைக் காய்ச்சி ஆடையெடுத்து இடலாம். பால்மாவே வேண்டுமெனின் கொழுப்பு நீக்கியதும் கடையிலுண்டு. மூன்று கோப்பையுள் இரண்டை வெறுந்தேநீராக அருந்துதலும் கூடும். எருமைப்பாலில் நூற்றுக்கு 7 பங்களவு கொழுப்பு உளது. பசுப்பாலில் 4 பங்களவே. ஆதலாற் சட்டித் தயிரைச் சோற்றின் மேல் மலைபோல் இடுதல் தகாது. எருமைப்பட்டி வைத்திருந்தோர் தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்து, அதனை நெய்யாக்கி விற்று, எஞ்சிய மோரையே தாம் அருந்தினர். வறுமையினால் வந்த அப்பழக்கம் இருதயத்துக்கு நன்றாக முடிந்தது. கடைந்த மோரில் நூற்றுக்கு ஒரு பங்கு கொழுப்பும் நில்லாது. புரதமோ அப்படியே உளது.

மீனைப்பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலிய குளங்களின் மீன்கள் கொழுப்புக் குறைந்தவை. முல்லைத்தீவுக் கடலின் சூடையும் சாளையும் கொழுப்புடையனவாயினும் அக்கொழுப்பிற் பெரும்பகுதி இருதயத்துக்கு உகந்த நிரம்பாத வகை. நந்திக்கடல், கொக்கிளாய் இறாலைக் கொலத்திரோலுக்கு அஞ்சி விலக்குவோர் அதே இறாலை முதற்பாலிற் சமைத்தபோது பாலுக்கு அஞ்சுவதில்லை. இறாலிற் கொலத்திரோல் உண்டு; நிரம்பிய கொழுப்போ நூறு கிராமுக்கு அரைக் கிராமளவே. உணவிலுள்ள கொலத்திரோலைவிட உணவிலுள்ள நிரம்பிய கொழுப்பே குருதிக் கொலத்திரோலை மிகுதியாக உயர்த்துவது. ஆகவே குற்றம் இறாலினதன்று, குழம்பினது.

சைவ உணவினர் இவ்வாராய்ச்சியைத் தமக்குரியதன்று என ஒதுக்குதல் ஆகாது. கந்தசட்டி விரதத்தின்போதும் பிற விரத நாளிலும் பாறணைப் பந்தியை நோக்கின், தேங்காய்ப்பாற் பாயசமும், வடையும், பொரியலும், பாற்கறிகள் நான்கும் ஒரே இலையில் அமர்ந்திருக்கும். மச்சம் விலக்கிய அவ்விலை, மீன்குழம்புச் சோற்றினும் இரட்டிப்பான நிரம்பிய கொழுப்பைத் தாங்கக்கூடும். விரதத்தின் பயன் உடலையும் சேர்ந்ததாயின், கடலையும் பயறும் அவித்த சுண்டலும், சர்க்கரை குறைந்த பயற்றங்கஞ்சியும், கீரை மசியலும் அவ்விலையிற் கூடுதலான இடத்தைப் பெறவேண்டும். கோயிற் பொங்கலைக் குறைக்கவேண்டியதில்லை. வற்றாப்பளைப் பொங்கல் ஆண்டுக்கொருமுறை வருவது. காலைச் சம்பல் நாள்தோறும் வருவது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். போர் நீங்கி ஆண்டுகள் பலவாகியும் வன்னியில் எடை குறைந்த பிள்ளைகள் உளர். ஒரே கூரையின் கீழ்த் தந்தை இருதய நோயோடும் பிள்ளை போசணைக் குறைவோடும் வாழ்தல் புதுமையன்று. தந்தைக்கு எழுதிய விதியைப் பிள்ளையின் கோப்பையில் இட்டு நிரப்புதல் தவறு. இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைக்குக் கொழுப்புக் குறைந்த பால் கொடுத்தல் ஆகாது. மெலிந்த சிறார்க்குக் கொழுப்பு வேண்டும். முட்டை, எள்ளுருண்டை, கச்சான், நல்லெண்ணெய் வார்த்த உழுத்தங்களி ஆகியன அவர்க்கு நல்ல கொழுப்பை நல்ல அளவில் ஊட்டுவன. நோயாளரும் தம் மருந்தை விட்டு உணவை மாத்திரம் நம்புதல் வேண்டாம். உணவு மருந்துக்குத் துணை செய்யும். மருந்தின் இடத்தைப் பிடிக்காது.

மேற்கூறிய மாற்றங்களைக் கணக்கிட்டு நோக்கலாம். கறிக்கு அரைத் தேங்காய், அதுவும் பெரும்பாலும் கப்பிப்பாலாக: ஆளுக்கு நான்கு அல்லது ஐந்து கிராம். காற்பங்குத் தேங்காய்ச் சம்பல்: மற்றுமொரு நான்கு அல்லது ஐந்து. ஒரு கோப்பைப் பாற்றேநீர்: மூன்று. ஒரு கரண்டி நல்லெண்ணெய்: இரண்டு. யாவும் சேர்ந்து பதினைந்தைத் தாண்டா. முன்னே 27 கிராமில் நின்ற இல்லம் அது. எஞ்சிய ஏழு கிராமில் ஒரு முட்டைக்கும், கொழுப்பு நீக்கிய ஆட்டிறைச்சித் துண்டுக்கும், விருந்தினர் வந்தபோது ஒரு வடைக்கும் இடமுண்டு.

இல்லத்தில் இவ்வாறு சேமித்ததைப் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலை ஒரே இடைவேளையிற் செலவழித்துவிடக் கூடும். பற்றீசிலும் அடுக்கு மாப் பண்டங்களிலும் உறைந்த மாஜரீன் உண்டு; கிறீம் வைத்த பிசுக்கோத்தில் உறைந்த பாம் வகைக் கொழுப்பு உண்டு. போர்க்காலத்து நினைவைப் பெயரிலே தாங்கி வடபுலமெங்கும் விற்கப்படும் மிதிவெடியோ, முட்டையும் கிழங்கும் பொதிந்து எண்ணெயில் மூழ்கி எழுவது. உள்ளிருப்பது நல்ல உணவே, வெளியிலுள்ள பொரிந்த தோலே சிக்கல். பொதியிலிட்ட உணவுகளின் சீனி, உப்பு, கொழுப்பு அளவை நிறத்தாற் காட்டும் முறை 2019 முதல் இந்நாட்டில் நடைமுறையிலுளது. அந்நிறங்களின் பொருளைக் கீழ்வகுப்பிலேயே கற்பித்தல் எளிது. அவித்த கடலை, அவித்த கச்சான், கௌபி, குரக்கன் புட்டு, பயற்றங்கஞ்சி, வாழைப்பழம் ஆகியவற்றுக்குச் சிற்றுண்டிச்சாலை ஒப்பந்தத்திலேயே இடம் வகுத்து, பொரித்த பண்டங்களுக்குக் கிழமையில் ஒரு நாளை மாத்திரம் ஒதுக்குதல் எந்தக் கல்லூரிக்கும் இயலக்கூடியது. கடலைச் சுண்டலுக்குத் தாளிக்கும் கரண்டியளவு எண்ணெய் நல்லெண்ணெயாயின், அந்த எள்ளைத் தம் காணியில் விதைக்கும் பெற்றோரும் அதே கல்லூரியில் உளர்.